நிரைகளைக் கழித்து அணிக்கோவை காண்பது: ஓரத்தில் ஒரு கணக்கு வையுங்கள்

எண்களை வரிசை வரிசையாக அடுக்கியது அணி. சதுர அணி ஒன்றிலிருந்து ஒரு விதிப்படி கணக்கிட்டு எடுக்கும் ஒற்றை எண்தான் அதன் அணிக்கோவை. கீழே இருக்கும் அணிக்கோவையின் மதிப்பு 12.

| 3  2  1 |
| 2  3  1 |
| 1  2  3 |

நிரைகளைக் கழித்துக் கழித்து இதைச் செய்யச் சொன்னால், 540 என்று விடை எழுதிக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். கூட்டலில் பிழை இருக்காது, பெருக்கலில் பிழை இருக்காது, படிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். விடை மட்டும் 45 மடங்கு வீங்கியிருக்கும். அந்த 45 எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டால் இந்த முறையில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். அதற்கு முன் அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம்.

கிடைமட்ட வரிசை நிரை, செங்குத்து வரிசை நிரல். முதல் நிரையை நி1 என்றும் இரண்டாவதை நி2 என்றும் குறிப்பேன். கல்லூரிப் புத்தகங்களில் ஆர்1, ஆர்2 என்று இருக்கும், அதே பொருள்தான். இலங்கையில் படித்தவர்கள் அணியைத் தாயம் என்பார்கள். சதுர அணிக்கு மட்டும்தான் அணிக்கோவை உண்டு. 3 நிரை 4 நிரல் உள்ள ஒன்றைக் கொடுத்து அணிக்கோவை கேட்டால் கேள்விதான் தப்பு.

எதற்காக இந்த முறை?

3×3 வரைக்கும் எல்லோருக்கும் விரிவாக்கம் தெரியும். முதல் நிரையின் ஒவ்வோர் உறுப்பையும் அதன் சிற்றணிக்கோவையால் (அந்த உறுப்பின் நிரையையும் நிரலையும் நீக்கினால் மிஞ்சும் சிறிய அணிக்கோவையால்) பெருக்கி, குறியை மாற்றி மாற்றிப் போட்டுக் கூட்டுவது. 4×4 வந்ததும் அது நான்கு 3×3 ஆகிறது. 5×5 என்றால் ஐந்து 4×4, ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு 3×3. இப்படியே விரித்தால் 5×5-க்கு 205 பெருக்கல்கள். நிரைகளைக் கழித்துச் செய்தால் பெருக்கலும் வகுத்தலும் சேர்த்து 44. 10×10-இல் கதையே வேறு: விரிவாக்கத்துக்கு 62,35,300 பெருக்கல்கள், நிரை முறைக்கு 339. 20×20-ஐ விரிவாக்கத்தில் செய்ய, நொடிக்கு 100 கோடிப் பெருக்கல் போடும் கணினிக்கே 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நிரை முறையில் 2,679 செயல்கள். பொறுமைசாலி ஒருவர் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு சில நாட்களில் முடித்துவிடலாம்.

குறி வைப்பது முக்கோணத்துக்கு

மூலைவிட்டத்துக்கு (இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைவரை போகும் கோட்டுக்கு) கீழே எல்லாம் பூச்சியமாக இருக்கும் அணியை மேல் முக்கோண அணி என்கிறோம். அதன் அணிக்கோவை மூலைவிட்ட உறுப்புகளின் பெருக்கல், அவ்வளவுதான். காரணம் எளிது. முதல் நிரலில் மேலே ஒரே ஓர் எண், கீழே எல்லாம் பூச்சியம். அந்த நிரல் வழியாக விரித்தால் ஓர் உறுப்புதான் மிஞ்சும். அதற்குள் இருக்கும் சிறிய அணிக்கோவையும் அதே முக்கோண வடிவம். இப்படியே உரித்துக்கொண்டு போனால் மூலைவிட்டம் மட்டும் கையில் நிற்கும்.

ஆக, வேலை இவ்வளவுதான்: கொடுத்த அணியை முக்கோணமாக்க வேண்டும். ஆக்கும்போது அணிக்கோவையின் மதிப்பு எங்கெல்லாம் மாறியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதல் பாதியை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். இரண்டாம் பாதியில்தான் கோட்டை விடுகிறோம்.

ஓரக்கணக்கு

தாளின் வலது ஓரத்தில் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அதற்கு அப்பால் முதலில் 1 என்று எழுதுங்கள். இதை ஓரக்கணக்கு என்று வைத்துக்கொள்வோம். எந்தப் படியில் நின்று பார்த்தாலும் இந்தச் சமன்பாடு உண்மையாக இருக்க வேண்டும்:

கேட்ட அணிக்கோவை = ஓரக்கணக்கு × இப்போது தாளில் இருக்கும் அணிக்கோவை

நிரைகளை வைத்துச் செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று, ஒரு நிரையின் மடங்கை இன்னொரு நிரையிலிருந்து கழிப்பது அல்லது அதோடு கூட்டுவது. மதிப்பு மாறாது. ஓரக்கணக்கில் எதுவும் எழுத வேண்டாம்.

இரண்டு, இரண்டு நிரைகளை இடம் மாற்றுவது. குறி மாறும். ஓரக்கணக்கை −1-ஆல் பெருக்குங்கள்.

மூன்று, ஒரு நிரை முழுவதையும் பூச்சியமல்லாத ஓர் எண்ணால் பெருக்குவது. மதிப்பு அத்தனை மடங்காகும். தாளில் இருப்பது 5 மடங்கு பெரிதாகிவிட்டால் ஓரக்கணக்கை 5-ஆல் வகுக்க வேண்டும். மாறாக, ஒரு நிரையிலிருந்து பொதுக்காரணி 5-ஐ வெளியே எடுத்தால் தாளில் இருப்பது சுருங்குகிறது, ஓரக்கணக்கை 5-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கவா வகுக்கவா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். அப்போது விதியை மனப்பாடமாகச் சொல்லிப் பார்க்காதீர்கள். மேலே இருக்கும் சமன்பாட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்க வேண்டும்.

முதல் செயலில் மதிப்பு ஏன் மாறுவதில்லை என்ற கேள்வி நியாயமானது. 2×2 அணிக்கோவை என்பது இரண்டு நிரைகளையும் பக்கங்களாகக் கொண்ட இணைகரத்தின் பரப்பு (குறியோடு சேர்த்து). 3×3 என்றால் கன அளவு. ஒரு சீட்டுக்கட்டை மேசையில் வைத்து மேல்பக்கத்தை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். கட்டு சாய்கிறது. அடிப்பரப்பும் உயரமும் அப்படியே இருப்பதால் கன அளவு மாறவில்லை. ஒரு நிரையோடு இன்னொன்றின் மடங்கைக் கூட்டுவது இந்தத் தள்ளல்தான். ஒரு நிரையை 5-ஆல் பெருக்குவது ஒரு பக்கத்தை ஐந்து மடங்கு இழுத்து நீட்டுவது. அங்கே அளவு மாறத்தான் செய்யும்.

சரி, ஒரு சாதாரணக் கணக்கு.

| 2  1  3 |
| 4  5  1 |
| 6  9  5 |

முதல் நிரலில் 2-க்குக் கீழே இருக்கும் 4-ஐயும் 6-ஐயும் காலி செய்ய வேண்டும். நி2 → நி2 − 2நி1, நி3 → நி3 − 3நி1.

| 2  1   3 |
| 0  3  −5 |
| 0  6  −4 |

இனி முதல் நிரையையும் முதல் நிரலையும் மறந்துவிடலாம். நி3 → நி3 − 2நி2.

| 2  1   3 |
| 0  3  −5 |
| 0  0   6 |

ஓரக்கணக்கு 1 ஆகவே இருக்கிறது. விடை 2 × 3 × 6 = 36. ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எண்ணை வைத்து அதற்குக் கீழே இருப்பவற்றைக் காலி செய்கிறோமோ அதற்கு பிவட் என்று பெயர். இங்கே பிவட்டுகள் 2, 3, 6.

540-இன் கதை

இப்போது முதலில் பார்த்த அணிக்கோவைக்குத் திரும்புவோம். பிவட் 3. கீழே 2-உம் 1-உம். மேலே சொன்ன வழியில் போனால் நி2 → நி2 − (2/3)நி1 என்று எழுத வேண்டும். பின்னம் என்றாலே நமக்கு ஆகாது. அதனால் கை தானாக இப்படி எழுதும்: நி2 → 3நி2 − 2நி1, நி3 → 3நி3 − நி1.

| 3  2  1 |
| 0  5  1 |
| 0  4  8 |

அப்புறம் நி3 → 5நி3 − 4நி2.

| 3  2   1 |
| 0  5   1 |
| 0  0  36 |

3 × 5 × 36 = 540. பின்னமே வரவில்லை என்ற மகிழ்ச்சியோடு விடையைக் கட்டம் கட்டிவிடுவோம்.

நடந்தது என்ன? நி2 → 3நி2 − 2நி1 என்பது பார்வைக்கு ஒரே செயல். உண்மையில் அதில் இரண்டு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. முதலில் நி2-ஐ 3-ஆல் பெருக்கினோம், பிறகு 2நி1-ஐக் கழித்தோம். கழித்ததால் தீங்கில்லை. பெருக்கியதை எங்கும் குறிக்கவில்லை. நி3-க்கும் ஒரு 3 போட்டோம், கடைசியில் ஒரு 5 போட்டோம். 3 × 3 × 5 = 45. ஓரக்கணக்கு வைத்திருந்தால் அதில் 1/45 என்று இருந்திருக்கும். 540 × 1/45 = 12.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து தொற்றுகிறது என்றால், சமன்பாடுகளைத் தீர்க்கும் பாடத்திலிருந்து. பன்னிரண்டாம் வகுப்பில் நேரியச் சமன்பாட்டுத் தொகுப்பைக் காஸ்ஸியன் நீக்கல் முறையில் தீர்க்கும்போது 3நி2 − 2நி1 என்று தாராளமாக எழுதுவோம். அங்கே அது முழுக்கச் சரி. ஒரு சமன்பாட்டின் இரு பக்கத்தையும் 3-ஆல் பெருக்கினால் தீர்வு மாறாது. அணியின் தரம் (நிரைகளைக் கழித்து முடித்த பின் பூச்சியமாகாமல் மிஞ்சும் நிரைகளின் எண்ணிக்கை) காணும்போதும் சரிதான், தரமும் மாறாது. அணிக்கோவை மட்டும் மாறும்.

நான் எடுத்த இந்த அணி என் கற்பனை இல்லை. சீனாவின் பழைய கணித நூலான ‘ஒன்பது அத்தியாயங்க’ளின் எட்டாம் அத்தியாயத்தில் வரும் முதல் கணக்கு இது. லியு ஹுய் அந்த நூலுக்கு உரை எழுதியது கி.பி. 263-இல். அதாவது நூல் அதைவிடப் பழையது. உயர்ரகத் தானியக் கட்டு 3, நடுரகம் 2, கீழ்ரகம் 1 சேர்ந்தால் 39 அளவு தானியம். 2, 3, 1 சேர்ந்தால் 34. 1, 2, 3 சேர்ந்தால் 26. ஒரு கட்டில் எவ்வளவு? பலகையில் கணக்குக் குச்சிகளை அடுக்கி, நாம் மேலே செய்த அதே பெருக்கலையும் கழித்தலையும் செய்து 36, 99 என்ற எண்களில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 99-ஐ 36-ஆல் வகுத்தால் கீழ்ரகக் கட்டுக்கு இரண்டே முக்கால். காஸ்ஸியன் நீக்கல் என்ற பெயருக்குக் காரணமான காஸ் பிறந்தது 1777-இல்தான். அந்தச் சீனக் கணக்கர்கள் பின்னத்தைத் தவிர்க்க நிரைகளைப் பெருக்கியதில் குற்றமே இல்லை. அவர்களுக்கு வேண்டியது தானியம், அணிக்கோவை அல்ல. அவர்கள் வழியை அப்படியே எடுத்து வேறு கேள்விக்குப் பயன்படுத்தும் நாம்தான் 45-ஐக் கணக்கில் எழுத வேண்டும்.

இதிலிருந்து எனக்குப் பிடித்த ஒரே விதி ஒன்று கிடைக்கிறது. அம்புக்குறிக்கு இடது பக்கம் எந்த நிரை இருக்கிறதோ, அதே நிரைக்கு வலது பக்கம் என்ன கெழு (முன்னால் நிற்கும் பெருக்கெண்) என்று மட்டும் பாருங்கள். நி2 → நி2 − 7நி1 என்றால் நி2-இன் கெழு 1, மதிப்பு மாறாது. நி2 → 3நி2 − 2நி1 என்றால் கெழு 3, ஓரக்கணக்கை 3-ஆல் வகுக்க வேண்டும். நி2 → நி1 − நி2 என்றால் கெழு −1, குறி மாறிவிட்டது. இந்தக் கடைசி வகை மிகவும் நயவஞ்சகமானது. "கழிக்கத்தானே செய்தேன்" என்று தோன்றும். சிறிய எண்களில் பாருங்கள்.

| 3  4 |
| 2  5 |

இதன் மதிப்பு 15 − 8 = 7. நி2 → நி1 − நி2 செய்தால் இரண்டாம் நிரை 1, −1 ஆகிறது. மதிப்பு −3 − 4 = −7. எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பின்னத்தைத் தவிர்க்க நல்ல வழி

நிரையைப் பெருக்காமலேயே பல நேரம் பின்னத்தைத் தவிர்க்கலாம். பிவட்டாக 1 கிடைத்தால் போதும். இரண்டு நிரைகளின் முதல் எண்கள் அடுத்தடுத்த எண்களாக இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாலே 1 வந்துவிடும்.

| 3  2  5 |
| 2  4  1 |
| 5  3  2 |

நி1 → நி1 − நி2. முதல் நிரை 1, −2, 4 ஆகிறது. கெழு 1 என்பதால் செலவே இல்லை. அடுத்து நி2 → நி2 − 2நி1, நி3 → நி3 − 5நி1.

| 1  −2    4 |
| 0   8   −7 |
| 0  13  −18 |

இதற்கு மேல் இறங்க வேண்டியதில்லை. வலது கீழ் மூலையில் மிஞ்சிய 2×2-ஐ நேராகப் பெருக்கிவிடலாம்: 8 × (−18) − (−7) × 13 = −144 + 91 = −53. முன்னால் இருக்கும் 1-ஆல் பெருக்கினாலும் −53-தான். 8-ஐ வைத்து 13-ஐக் காலி செய்யப் போயிருந்தால் 13/8 வந்து கழுத்தை அறுத்திருக்கும். கடைசி 2×2 வந்ததும் நிறுத்திவிடுவது நல்ல பழக்கம், தேர்வு அறையில் ஐந்து நிமிடம் மிச்சமாகும்.

இன்னொரு வழி, எல்லா நிரைகளையும் கூட்டிப் பார்ப்பது. எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே எண் வரும் மாயச் சதுரம் இதற்கு அழகான எடுத்துக்காட்டு.

| 2  7  6 |
| 9  5  1 |
| 4  3  8 |

நி1 → நி1 + நி2 + நி3. முதல் நிரை 15, 15, 15. பொதுக்காரணி 15 வெளியே வருகிறது, ஓரக்கணக்கு 15. நி1 இப்போது 1, 1, 1. பிறகு நி2 → நி2 − 9நி1, நி3 → நி3 − 4நி1.

| 1   1   1 |
| 0  −4  −8 |
| 0  −1   4 |

மிஞ்சிய 2×2: −16 − 8 = −24. ஓரக்கணக்கோடு பெருக்கினால் −360.

ஒரு 4×4-ஐ முழுதாகச் செய்வோம்

| 0  2  1  3 |
| 1  1  2  1 |
| 2  4  1  5 |
| 3  1  2  4 |

பிவட் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியம். பூச்சியத்தை வைத்து எதையும் காலி செய்ய முடியாது. நி1-ஐயும் நி2-ஐயும் இடம் மாற்றுவோம். ஓரக்கணக்கு −1. இதை இப்போதே எழுதுங்கள், "கடைசியில் நினைவு வைத்துக்கொள்கிறேன்" என்ற வாக்குறுதியை நம்பாதீர்கள்.

நீளமான கணக்கு என்பதால் ஒரு காவல் நிரலையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையையும் கோட்டுக்கு அப்பால் எழுதி, நிரைக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்ய வேண்டும். புதிய நிரையைக் கூட்டினால் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் அந்த வரியிலேயே பிழை.

| 1  1  2  1 |  5
| 0  2  1  3 |  6
| 2  4  1  5 |  12
| 3  1  2  4 |  10

நி3 → நி3 − 2நி1, நி4 → நி4 − 3நி1.

| 1   1   2  1 |  5
| 0   2   1  3 |  6
| 0   2  −3  3 |  2
| 0  −2  −4  1 |  −5

காவலைப் பாருங்கள். மூன்றாம் நிரைக்கு 12 − 10 = 2. நிரையைக் கூட்டினால் 0 + 2 − 3 + 3, அதுவும் 2. நான்காவதுக்கு 10 − 15 = −5, நிரையின் கூட்டலும் −5. இந்த இடத்தில் ஒரு குறியைத் தவறாக எழுதியிருந்தால் உடனே மாட்டியிருப்போம்.

நி3 → நி3 − நி2, நி4 → நி4 + நி2.

| 1  1   2  1 |  5
| 0  2   1  3 |  6
| 0  0  −4  0 |  −4
| 0  0  −3  4 |  1

கடைசி 2×2: (−4) × 4 − 0 × (−3) = −16. தாளில் இருப்பதன் மதிப்பு 1 × 2 × (−16) = −32. ஓரக்கணக்கு −1. விடை 32.

சந்தேகம் இருந்தால் முதல் நிரல் வழியாக விரித்துப் பாருங்கள், 2 + 18 + 12 = 32 வரும். நான்கில் ஒரு சிற்றணிக்கோவை பூச்சியத்தால் அடிபட்டுப் போன பிறகும், மூன்று 3×3 போட வேண்டியிருக்கும். இன்னொரு மலிவான சோதனையும் உண்டு: அணியில் எல்லாம் முழு எண்கள் என்றால் அணிக்கோவையும் முழு எண்தான். இடையில் எத்தனை பின்னம் வந்தாலும் கடைசியில் அடிபட்டாக வேண்டும். விடை 17/3 என்று வந்தால் எழுதுவதற்கு முன் திரும்பிப் போங்கள்.

பூச்சியம் வந்தால் பயப்பட வேண்டாம்

நடுவில் ஒரு நிரை முழுக்கப் பூச்சியமானாலோ, ஒரு நிரை இன்னொன்றின் மடங்கானாலோ, வேலை முடிந்தது. விடை 0. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் எங்கு வேண்டுமானாலும் 3×3 கட்டம் ஒன்றை எடுங்கள். (கிழமைகள் மேலே குறுக்காக ஓடும் காலண்டராக இருந்தாலும், இடப்பக்கம் கீழ்நோக்கி இறங்கும் காலண்டராக இருந்தாலும் சரி.) குறுக்காக ஓடுவது என்றால்:

| 1   2   3 |
| 8   9  10 |
| 15  16  17 |

முதலில் நி3 → நி3 − நி2, அப்புறம் நி2 → நி2 − நி1. இரண்டுமே 7, 7, 7. விடை 0. எந்த மாதம், எந்த வருடம் என்றாலும் இதே கதைதான், ஒரு வாரம் என்பது ஏழு நாள் என்பது மாறாதவரை.

கஜுராஹோவில் பார்சுவநாதர் கோயிலில் ஒரு 4×4 மாயச் சதுரம் செதுக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் கூட்டினாலும் 34.

| 7  12   1  14 |
| 2  13   8  11 |
| 16  3  10   5 |
| 9   6  15   4 |

நி1 → நி1 − நி3 செய்தால் −9, 9, −9, 9. நி2 → நி2 − நி4 செய்தால் −7, 7, −7, 7. இரண்டும் ஒன்றின் மடங்கு மற்றொன்று. அணிக்கோவை பூச்சியம். நான்கு சிற்றணிக்கோவைகளைப் போட்டுப் பக்கம் நிரப்பாமல் இரண்டு கழித்தலில் இதைக் கண்டுகொண்ட நாள் எனக்கு இந்த முறையின் மேல் உண்மையான பிரியம் வந்தது.

இன்னும் சில பள்ளங்கள்

ஒரே படியில் பல செயல்களைச் சேர்த்து எழுதும்போது பழைய நிரையையும் புதிய நிரையையும் குழப்பிக்கொள்வது பெரிய ஆபத்து. நி1 → நி1 − நி2, நி2 → நி2 − நி1 இரண்டையும் பழைய எண்களை வைத்தே ஒருசேரச் செய்தால் எந்த அணியாக இருந்தாலும் பூச்சியம்தான் வரும், ஏனென்றால் ஒன்று மற்றதன் எதிர்க்குறி. மேலே 7 வந்த 2×2-இல் செய்து பாருங்கள்: 1, −1 ஒரு நிரை, −1, 1 இன்னொன்று. ஒரு பிவட் நிரையை அசைக்காமல் வைத்து, அதைக் கொண்டு மற்றவற்றை மாற்றும்வரை ஒரே படியில் எத்தனை எழுதினாலும் பாதகமில்லை. பிவட் நிரையே மாறுகிறது என்றால் அதற்குத் தனிப் படி போடுங்கள்.

சிலர் உற்சாகத்தில் மூலைவிட்டம் முழுவதும் 1 ஆகும்வரை போய், "அலகு அணி வந்துவிட்டது, ஆகவே விடை 1" என்று முடிப்பார்கள். நேர்மாறு காணும் பாடத்தின் பழக்கம் அது. ஒவ்வொரு 1-ஐயும் உண்டாக்க எதையோ வகுத்திருப்பீர்கள், விடை முழுவதும் ஓரக்கணக்கில்தான் இருக்கும்.

ஒரு நிரையை 2-ஆல் பெருக்குவதும் அணி முழுவதையும் 2-ஆல் பெருக்குவதும் வேறு. 3×3 அணி முழுவதையும் பெருக்கினால் மூன்று நிரையும் இரட்டிக்கும், அணிக்கோவை 8 மடங்காகும்.

படிகளுக்கு நடுவே என்ன குறி போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். அணியை மாற்றும்போது அம்புக்குறி போடலாம். அணிக்கோவையாக, நேர்கோடுகளுக்கு நடுவில் எழுதினால் சமக்குறி போட்டுப் பழகுங்கள். "இதுவும் அதுவும் சமம்" என்று எழுதக் கை நீளும்போது, பெருக்கிய 3 என்ன ஆனது என்ற கேள்வி தானாக வரும்.

நிரல்களுக்கும் இதே செயல்கள், இதே கணக்கு. நிரையை நிரலாகத் திருப்பி எழுதினாலும் அணிக்கோவை மாறாது என்பதால் இந்தச் சலுகை. சமன்பாடு தீர்க்கும்போது இதைச் செய்துவிடாதீர்கள், மாறிகள் கலந்து போகும்.

எங்கே இந்த முறை வேண்டாம்? 2×2-க்கு வேண்டவே வேண்டாம். ஒரே நிரையில் மூன்று பூச்சியம் இருக்கும் 4×4-க்கு விரிவாக்கமே குறுக்கு வழி. எண்களுக்குப் பதில் எழுத்துகள் நிறைந்த அணியில் பிவட்டால் வகுக்கும்போது அந்த எழுத்து பூச்சியமாக இருக்கலாமா என்ற வம்பு வரும், அங்கே நிதானமாகப் போங்கள். 3×3-க்கு மூலைவிட்டங்களைப் பெருக்கும் ஸாரஸ் விதி வசதிதான், ஆனால் அதை 4×4-க்கு நீட்டாதீர்கள். அதில் எட்டு உறுப்புகள்தான் கிடைக்கும், உண்மையில் வேண்டியது இருபத்து நான்கு.

கணினியும் உள்ளுக்குள் இதே முறையில்தான் போகிறது. பைத்தானில் நம்பை நூலகத்தைக் கொண்டு அணிக்கோவை கேட்டால் அது நிரைகளைக் கழித்து முக்கோணமாக்கி மூலைவிட்டத்தைப் பெருக்குகிறது. நமக்கு 1 பிடிக்கும், அதற்கு ஒவ்வொரு நிரலிலும் அளவில் பெரிய எண்தான் பிவட்டாகப் பிடிக்கும், பின்னங்களைக் குறிப்பிட்ட இலக்கங்களோடு வெட்டுவதால் வரும் பிழை பெருகாமல் இருக்க. அப்படியும் 1 முதல் 9 வரை வரிசையாக எழுதிய 3×3 அணியைக் கொடுத்தால் பூச்சியத்துக்குப் பதில், புள்ளிக்குப் பின் பதினைந்து பூச்சியங்கள் போட்ட ஒரு குட்டி எண் வரக்கூடும். 7-ஐப் பிவட்டாக எடுத்து 1/7-ஐக் குறிப்பிட்ட இலக்கங்களோடு வெட்டியதன் எச்சம் அது. கையால் செய்கிற நமக்குச் சரியாக 0 வரும்.

கடைசியாக ஒன்றை நீங்களே செய்து பாருங்கள்.

| 1  2  1  3 |
| 2  4  3  1 |
| 1  5  2  2 |
| 3  7  1  4 |

முதல் நிரலைக் காலி செய்ததும் இரண்டாம் நிரையில் பிவட் இடத்தில் பூச்சியம் நிற்கும். நி4-ஐ மேலே கொண்டுவாருங்கள். விடை 49. உங்களுக்கு −49 வந்தால் ஓரத்தைப் பாருங்கள்.